வாசலில் சொல்லும் சொல்

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பேருந்தில் மிளகு என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நடுவில் வண்டி நின்றபோது விழித்தாள். என் முகத்தைப் பார்த்து, இது அம்மா இல்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு சத்தமும் போடாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டரை வயதில் இவ்வளவு பெரிய மனுஷத்தனம் எதற்கு என்று எனக்குத்தான் அழுகை வந்தது.

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வந்து இறங்கிய அன்று நாம் போனில் சண்டை போட்டதை உன் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்களே, அப்ப யாருதான் கேக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. எழுதினால் ஒருத்தி முடிக்கும் வரை மற்றவள் காத்திருந்துதானே ஆக வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடு. எடுத்து நேராகக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறேன். நம் பேச்சைக் காகிதத்தோடு வைத்துக்கொள்வோம்.

"நீ புள்ளைய பெத்தியா, பார்சல் கட்டுனியா?" என்று நான் கேட்டது அதிகம்தான். ஆனால் அந்தப் பையைத் திறந்த என் நிலைமையையும் யோசி. சட்டைகளின் மேல் 'வீட்டுக்கு', 'வெளியே' என்று சீட்டு. மருந்தின் மேல் 'காய்ச்சலுக்கு' என்று சீட்டு. சரி, அது வேண்டியதுதான். துண்டின் மேல் 'துண்டு' என்று ஒட்டியிருந்தாய். துண்டைப் பார்த்தால் துண்டு என்று எனக்குத் தெரியாதா?

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. குழந்தைகள் காப்பகம் நடத்தியவர் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார். உன் வீட்டுக்காரர், நம் கப்பல்காரர், கப்பலில். உன் லீவு முழுக்கக் குழந்தையின் சளியிலும் காய்ச்சலிலும் கரைந்துபோயிற்று. ஆகஸ்ட் கடைசியில் வேலையை நிரந்தரம் செய்யப்போகிற நேரத்தில் இன்னொரு லீவு கேட்க முடியாது. அதற்குள் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே காப்பகம் திறக்கப்போகிறார்கள். அதுவரைக்கும்தானே? என் ஜெராக்ஸ் கடை எங்கள் வீட்டு முன்னறையில்தானே இருக்கிறது. என் பையனையே ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் படுக்கவைத்து வளர்த்தவள் நான். ஒரு மிளகுக்கு இடம் இல்லாமலா போகும்?

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மெஷினில் வெளிச்சம் ஓடும்போதெல்லாம் அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடிக்கிறாள். காகிதம் வெளியே வந்த பிறகுதான் விடுகிறாள். நேற்று ஒருவர் ஒரு முழுப் புத்தகத்தை நகலெடுக்கக் கொண்டுவந்தார். நான் பயந்துபோய் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இது என்ன வியாதி?

நேற்று நீ கூப்பிட்டபோது நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏனோ ஓவென்று அழுதாள். பசியாக இருக்கும்.

அக்கா

ஜூன் 10

அக்கா,

ஒருவர் போய் அடுத்தவர் சட்டை மாற்றி வருவதற்குள் எழுதுகிறேன். அதனால் இது துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

அது வியாதி இல்லை. நானும் அவளும் வீட்டில் எக்ஸ்ரே விளையாடுவோம். சுவரில் நெஞ்சை வைத்து நிற்பாள். "மூச்ச இழுங்க, அப்படியே புடிங்க, ஆடக்கூடாது... ம், விடுங்க" என்பேன். வெளிச்சம் ஓடினால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குப் பாடம். புத்தகம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் "விடு" என்று சொல்லிவிடு.

நீ பார்சல் என்று சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. சீட்டு ஒட்டுவது என் பழக்கம் இல்லை அக்கா, அது காப்பகத்தின் சட்டம். எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் துண்டு இன்னொரு குழந்தையின் முகத்தைத் துடைக்கும். ஒட்டி ஒட்டிக் கை தானாகச் செய்கிறது. உனக்குக் கேலியாக இருக்கிறது.

உன் கடையில் குழந்தை மெஷினுக்கு அடியில் படுக்கலாம். என் எக்ஸ்ரே அறைக்குள் குழந்தை நுழையவே கூடாது. போனும் கூடாது, அது லாக்கரில் கிடக்கும். ஒருநாள் மதியம் வெளியே வந்து எடுத்தால் திரை முழுக்கக் காப்பகத்தின் அழைப்புகள். அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நேரம் முழுக்க நான் யாரோ ஒருவருடைய முழங்காலை நேராக்கிக்கொண்டிருந்தேன். "வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று அவரிடம் அவ்வளவு தன்மையாகப் பேசினேன். அதை நினைத்தால்தான் எனக்கு

ஒரு தோள்பட்டை வந்தது. முடித்துவிட்டு உட்கார்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் பின்வழியாக நழுவிவிடுவாள். "அழுகையப் பாத்தா எனக்கு பஸ் போயிடும்" என்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஒருநாளும் அப்படி ஏமாற்றியதில்லை. காப்பக வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, "அம்மா வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். நான் நல்ல அம்மாவாக ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு ஒரே அறை, உனக்குத் தெரியும். அடுப்பு முன்னால் நின்று திரும்பினால் அவள் இருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவைகூட இருந்ததில்லை. இப்போதும் திரும்பிக்கொண்டே இருக்கிறேன்.

கப்பல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றார். கடல் நடுவிலிருந்து அதைத்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

கோபம் இருந்தாலும் நன்றி இருக்கிறது.

தங்கை

ஜூன் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

மிளகு நன்றாக இருக்கிறாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. வீணாகிப்போன தாள்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதுதான் அவளுடைய அலுவலகம். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாளை நீட்டி "இந்தா, ரெடி" என்கிறாள். ஒருவர் வாங்கிக்கொண்டு, "உங்கள விட பாப்பா சீக்கிரம் குடுக்குது" என்று என்னைச் சீண்டிவிட்டுப் போனார்.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும்.

அந்தப் போன் அவளுக்கு ஒத்துவரவில்லை. முதல் தடவை பசி என்று நினைத்தேன். அடுத்த வாரம் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தேன், அப்போதும் அழுதாள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். "மிளகு, சாப்டியா?" என்று கேட்டாய். தலையாட்டினாள். "தலையாட்டுனா அம்மாவுக்கு எப்படிடி தெரியும், வாயால சொல்லு" என்றேன். "சாப்ட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "அம்மா சீக்கிரமா வரேன்டா தங்கம். வரேன், சரியா? அழக்கூடாது, அம்மா வரேன்" என்றாய். நீ முடிக்கவில்லை, முகம் அப்படியே கோணிக்கொண்டது. போனைத் தள்ளிவிட்டுத் தரையில் விழுந்து அழுதாள். அன்று முழுக்க என் புடவையை விடவில்லை.

இப்போது போன் மணி அடித்தாலே தாள் கட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள்.

ஆறிக்கொண்டு வரும் புண்ணை வாரத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாமல் இருந்து பாரேன். நான் எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன். ஆகஸ்டில் கொண்டுபோய்ப் புது இடம், புது முகம் என்று மறுபடி அவளைப் பிடுங்கி நடுவதற்குப் பதில், பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை இங்கேயே இருக்கட்டுமே. உனக்கும் ஓட்டம் குறையும். மாமாவிடம் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

ஜூன் 25

அக்கா,

என் நல்லதுக்கா?

ஆகஸ்ட் வரைக்கும் என்று கொண்டுபோனாய். மூன்றாவது வாரத்தில் போன் வேண்டாம் என்கிறாய். அதே கடிதத்தில் பள்ளிக்கூடம் வரைக்கும் என்கிறாய். அவள் என் குரலைக் கேட்டு அழுகிறாள் என்றால், என் குரல் அவளுக்கு ஆகாததாகிவிட்டது என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியது குரலை நிறுத்தியா?

உன் பையன் வேலை கிடைத்துப் போனபிறகு உன்னைக் கூப்பிட்டுக்கூடப் பேசுவதில்லை. அந்தக் காலியிடத்தை நிரப்ப என் மகள்தான் கிடைத்தாளா?

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். கைப்பையில் இருக்கிறது. அடுத்த வாரக் கடைசியில் எங்கள் தலைமை டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுவேன். அவர் எதற்கும் இருமுவார், இதற்கும் இருமட்டும். படித்ததும் பழகியதும் போகட்டும். எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டத் தெரிந்து என்ன பிரயோஜனம்? என் குழந்தை ஏன் அழுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை

ஜூலை 1

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்த கையோடு ஒருவர் அடையாள அட்டையை நகலெடுக்கக் கொடுத்தார். முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, எனக்குப் பின்பக்கமே கெடையாதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பையனைப் பற்றி நீ எழுதிய வரியைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. அதைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது. ராஜினாமாவைக் கொடுக்காதே. கொடுக்கும் முன் இதைப் படி.

நேற்று மெஷினைப் பழுது பார்க்க மெக்கானிக் வந்தார். மிளகு அவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் கேட்காத திருகாணியையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு, "சரிக்கா, வரேன்" என்றார். இவள் உதட்டைப் பிதுக்கினாள். "பாப்பா, நான் வரேன்" என்று அவளிடமும் சொன்னார். உடனே அழுகை. "ஒரு மணி நேரத்துல இவ்வளவு பாசமா?" என்று நானும் மாமாவும் சிரித்தோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "பெரிம்மா" என்று கூப்பிட்டாள். வழக்கமாக நான் "தோ" என்பேன், இல்லையென்றால் "என்னடி" என்பேன். நேற்று ஏதோ நினைப்பில் "வரேன்டா, வரேன்" என்று குரல் கொடுத்தேன்.

அவள் வீறிட்ட சத்தத்தில் ஏதோ மேலே விழுந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். குழந்தை தெருக்கதவைப் பார்த்து நிற்கிறாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டுகிறாள். "பெரிம்மா, பெரிம்மா" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். அவள் என்னைத் தெருவில் தேடுகிறாள்.

தொட்டுத் திருப்பினேன். என்னைப் பார்த்து அவள் திடுக்கிட்டதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். போனவள் எப்படி இங்கே இருக்கிறாள் என்கிற பார்வை அது.

உனக்குப் புரிகிறதா? நம் பேச்சில், கிளம்பிப் போகிறவரும் "வரேன்" என்கிறார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவரும் "வரேன்" என்கிறார். நாம் இரண்டையும் கேட்டு வளர்ந்தோம், நமக்குக் குழப்பமில்லை. அவள் கேட்டது ஒன்றை மட்டும்தான். உன் ஒற்றை அறை வீட்டில் யாரும் யாரையும் பார்த்து "இதோ வரேன்" என்று சொல்ல வேண்டியதே இல்லை. காப்பக வாசலில் மட்டும், தினமும், கண்ணைப் பார்த்து, தெளிவாக, "அம்மா வரேன்" என்றாய். சொன்ன மறு நிமிஷம் காணாமல் போனாய். உப்பு என்று எழுதிய டப்பாவில் தினமும் சர்க்கரையை வைத்துக் கொடுத்தால், குழந்தை இனிப்பதற்கு உப்பு என்றுதானே பெயர் வைக்கும்? அதன்மேல் என்ன தப்பு?

இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைப் போனை அவள் காதால் கேட்டுப் பார். "அம்மா சீக்கிரமா போறேன்டா தங்கம். போறேன், சரியா? அழக்கூடாது, அம்மா போறேன்." இப்போதுதான் அம்மாவின் குரல் கிடைத்தது. கிடைத்ததும் போகிறேன் போகிறேன் என்கிறது. அவள் வேறு என்ன செய்வாள்? உன் குரல் ஆகாமல் அழவில்லையடி. அதை விட முடியாமல் அழுகிறாள்.

"இன்னொரு தரம் சொல்லிப் பாத்துருவோமா, சந்தேகத்துக்கு?" என்றார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

லாக்கர் பக்கத்தில் நின்று படித்தேன். ஈயம் வைத்த அங்கியைக் கழற்றாமலே படித்தேன். அது எத்தனை கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் சிரிப்பு வந்தது, உண்மையாகவே. அப்புறம் ஒவ்வொரு காலையாக ஞாபகம் வந்தது. நான் முட்டி போட்டு உட்காரும்போதே அவள் என் வாயைப் பொத்துவாள். விளையாட்டு என்று நினைத்து அந்தக் கையில் முத்தம் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறேன். அவள் விளையாடவில்லை. அந்தச் சொல்லை வெளியே வரவிடாமல் தடுத்தால் நான் போகமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

நழுவிப் போகிறவளைப் பார்த்து எனக்கு எத்தனை இளக்காரம்! நான் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று.

ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கிழிக்கவில்லை. நீ இப்போது படிப்பது அதன் பின்பக்கத்தில்தான். திருப்பிப் பார்க்காதே, கோபத்தில் எழுதியது, நிறையப் பிழை. உன் கடிதம் வந்த நாளில் அது என் கையில் இருந்தது. அவர் அறை வாசல் வரை போயிருந்தேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டது, அப்புறம் வரலாம் என்று திரும்பினேன். லாக்கரில் உன் கடிதம் இருந்தது நினைவு வந்தது.

இனிமேல் என்ன சொல்லுவேன்? "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நம் அம்மா நம்மை எப்படி வளர்த்தாள்? சின்ன வயதில் வாய் தவறிப் "போறேன்" என்றால் வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சொல்லவைத்துவிட்டுத்தானே அனுப்புவாள்? ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று "அம்மா போறேன், அம்மா போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு கூசுகிறது. பின்னால் நின்ற நழுவல்காரி பதறிப்போய், "எங்கடி போற? என்னடி ஆச்சு உனக்கு? உக்காரு முதல்ல, தண்ணி குடி" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

ஆனாலும் சொல்லப்போகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை.

உன் பையனைப் பற்றி எழுதியதற்கு என்ன எழுதினாலும் அது போகாது என்று தெரிகிறது. எழுதியிருக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு எழுத வருகிறது.

தங்கை

ஜூலை 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

திருப்பிப் பார்த்துவிட்டேன். 'பணிவுடன்' என்பதைத் தவிர எல்லாம் பிழைதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீ "மிளகு, அம்மா இப்ப வேலைக்குப் போறேன்" என்று சொன்னபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஐயையோ, என்ன பேச்சு இது! முதல்ல வாயக் கழுவச் சொல்லு அவள" என்று தட்டை விட்டு எழுந்துவிட்டார். குழந்தை போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "போ" என்றாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தாள் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அந்தப் பக்கம் நீ என்ன ஆனாய் என்று எனக்குத் தெரியும். அழுதால் ஒரு வலி, அழாவிட்டால் அதற்கு மேல் ஒரு வலி. பெற்றவளுக்கு எதில்தான் நிம்மதி? ஆனால் இந்த வாரம் மணி அடித்ததும் அவளே ஓடினாளே, அதை எடுத்து வைத்துக்கொள். போனை நெஞ்சில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ "விடு" என்று சொல்லும் வரை விடவில்லை.

"வரேன்" என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிட முடியாது. நாளைக்குத் தெருவில், பள்ளிக்கூடத்தில், எங்கும் அதுதானே? மாமா ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "வரேன்" என்பார், சொன்ன உடனே வெளியே வந்து நிற்பார். முதலில் உதடு பிதுங்கியது. இப்போது சிரிக்கிறாள். ஆனால் இன்னும் ஒரு கண் தெருக்கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மாமாவுக்கு முழங்கால் வலி. "நீங்க உக்காருங்க" என்றால், "பாடம் பாதியில இருக்கு" என்கிறார்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அது சுட்டது, ஏனென்றால் பாதி உண்மை. எனக்கு அவளை வைத்துக்கொள்ள ஆசை. காலையில் கடைக்கதவைத் திறக்கும்போது காலுக்கடியில் ஒன்று இடறிக்கொண்டு நிற்பதில் எனக்கு ஆசை. அதற்குத்தான் உன் நல்லது என்று பெயர் வைத்தேன். பெயரைத்தான் மாற்றி வைத்தேனே தவிர, பொருள் அதுதான். மீதிப் பாதிக்காக நீ ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார வேண்டும். எழுத்தில் வேண்டாம்.

காப்பகம் என்றைக்குத் திறக்கிறார்கள்?

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு எங்கள் இருமல் சார், "குழந்த எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு என் குழந்தை ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

காப்பகம் திறந்துவிட்டார்கள். எங்கள் பிரிவுக்கு மேல் மாடி. கைகழுவும் தொட்டி என் முழங்கால் உயரம். ஜன்னல் ஓரமாக ஒரு இடம் மிளகுக்கு என்று சொல்லிவிட்டேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் முதல் காரியமாக, "என் பொண்ணுகிட்ட மட்டும் வரேன்னு சொல்லாதீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முழுக்கச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். "எத்தன புள்ளைங்க வாசல்ல அழுதுச்சோ" என்றார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. காப்பகம் மாலையோடு மூடிவிடும். எனக்கு மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிப்ட். நிரந்தரமானவர்கள் எல்லோருக்கும் உண்டு. மாற்றித் தர முடியுமா என்று சாரிடம் கேட்டேன், இருமினார். மாடிவீட்டுப் பெண் ஒருநாள் இரண்டு நாள் பார்க்கிறேன் என்கிறாள். மற்ற நாட்களுக்கு இன்னும் தெரியவில்லை. எப்படியாவது செய்வேன். முதலில் அவளை என்னோடு வைத்துக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சனிக்கிழமை கூட்டிப்போக வருகிறேன். உன் முன்னால் உட்காரவும்தான். இரவு வாரத்துக்கு உன்னிடம் எதுவும் கேட்கிற முகம் எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

தங்கை

செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ என் முன்னால் வந்து உட்கார்ந்தாய். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

பேருந்து நிலையத்தில் நடந்ததை மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பெரியம்மாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பு" என்று அவர்தான் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவள் என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "போறேன் பெரிம்மா" என்றாள். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "பொம்பளப் புள்ளைக்குப் போயிட்டு வரேன்னு சொல்லித் தரக்கூடாதா?" என்று உன்னைக் கடிந்துகொண்டாள். நீ திருத்துவதற்கு வாயைத் திறந்தாய். நான் உன் கையை அழுத்தினேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? போனாள். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி திரும்பிய பிறகு எதிர்பார்க்க எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அழ மட்டும்தான் இருந்தது, அழுதேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

கடை சும்மா இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். எல்லோரும் "வரேன்மா" என்கிறார்கள். இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

நீ கேட்கவில்லை என்று எழுதினாயே, அது கேட்பதைவிட மோசமான பழக்கம். சின்ன வயதிலும் தட்டை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பாய், வேண்டும் என்று சொல்லமாட்டாய். ஒன்று சொல்கிறேன். இரவு வாரம் எனக்கு. மாதா மாதம். கடையை மாமா பார்ப்பார். ஒரு பக்கம் எடுக்கத் தெரியும், இரண்டு பக்கம் எடுக்கத்தான் கை நடுங்கும். ஒரு வாரத்துக்கு ஊர் பொறுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவள்மேல் ஆசை, உனக்கு ஆள் தேவை. இதற்கு நல்லது என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம், இருக்கிற பெயரே போதும்.

ஒரே அறையில் நான் எங்கே படுப்பது என்று யோசிக்காதே. நீ இரவில் ஆஸ்பத்திரியில், நான் கட்டிலில். பகலில் நீ கட்டிலில், நான் குழந்தையோடு வெளியே. துண்டில் என் பெயரை ஒட்டிவைத்தால் மட்டும் திரும்பிப் போய்விடுவேன்.

உன் இரவு ஷிப்ட் தொடங்குகிற நாளைக்கு முந்தின நாள் காலை வண்டியில் ஏறுகிறேன். அவளிடம் மட்டும் எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்காதே. "பெரியம்மா வரேன்னு சொன்னாங்க" என்று நீ ஆசையாக ஆரம்பித்தால், பாதிப் பாடம் படித்த குழந்தை, நான் எங்கோ போய்விட்டேன் என்று அழப்போகிறது. நான் கதவைத் தட்டுகிறேன். அவளையே திறக்கச் சொல். எதிரே வந்து நின்றுகொண்டு, அப்புறம் சொல்கிறேன், வரேன் என்று.

அக்கா